அப்பாவின் கட்டைவிரலும் சார்ஜ் ஏறாத டாங்கியும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அம்மாமேல்தான் பாயும். அதற்கு அம்மா ஏதாவது தப்புச் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பஸ் தாமதமாக வந்தாலும் அம்மா, செருப்பு அறுந்தாலும் அம்மா. எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பொம்மை டாங்கி சார்ஜ் ஏறாமல் படுத்துக்கொண்டபோதும் அம்மாமேல்தான் பாய்ந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, தினமும் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போய், கணபதிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனி. கரண்ட் குறைந்தால் தூக்கியும் கூடினால் இறக்கியும் டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கொடுக்கிற பெட்டி. டெஸ்டிங் டேபிளில் நான்தான் இருந்தேன். என் கை படாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்வேன்: "விளக்கு எரியுதேன்னு நம்பாதீங்க. மீட்டர் என்ன சொல்லுதோ அதை நம்புங்க."

அப்பா புரட்டாசியில் வாய்க்கால் ஓரத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். கால் மெல்ல வந்தது, தடி ஊன்றி நடந்தார். பேச்சு கொஞ்சம் குழறலோடு வந்தது. கை மட்டும் வரவில்லை. பிசியோதெரபி அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, இதைத் தினமும் பிசையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த அன்றே அப்பா அதை மாட்டுச்சாளைப் பக்கம் விட்டெறிந்தார், இடது கையால்.

"நா என்ன கைக்கொழந்தயா, பந்து வெச்சு வெளையாட?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் ஓடி வந்தான். வந்தவன் பெட்டியில் ரிமோட்டில் ஓடும் ஒரு ராணுவ டாங்கி. யாருக்கு வாங்கினாய் என்றால், எனக்குத்தான் என்றான். இருபத்தெட்டு வயசு! பச்சை நிறம், ஒரு முழ நீளம், இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை. அம்மா அதைப் பீரங்கி என்பாள். அண்ணன் நடுவீட்டில் அதை ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவன் குளிக்கப் போனபோது ரிமோட் கட்டிலில் கிடந்தது, அப்பா சும்மா இருக்கவில்லை.

அந்த ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சியைத் தள்ளினால் இடது பட்டை ஓடும், வலது குச்சிக்கு வலது பட்டை. இரண்டையும் சேர்த்துத் தள்ளினால்தான் டாங்கி நேராகப் போகும். அப்பா இடது கட்டைவிரலால் தள்ளினார். டாங்கி நின்ற இடத்திலேயே வலது பக்கமாகச் சுற்றியது, செக்கு மாடு மாதிரி. அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்பாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். இடது கையால் வலது கையை எடுத்து ரிமோட்டின்மேல் வைத்து, கட்டைவிரலைக் குச்சிமேல் பொருத்தினார். அது அசையவில்லை. மறுபடி பொருத்தினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் இதே வேலை. ஒருநாள் நான் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, டாங்கி சுற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு சாண் தூரம் நேராக வந்து நின்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"பாத்தியா கண்ணு?" என்றார்.

நான் அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடி அம்மாவை இழுத்துவந்தேன். அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது டாங்கியை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனான். எனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தான்: அடியில் பேட்டரி, அதைக் கழற்றி அடாப்டரில் மாட்டி, பொழுது சாயும்போது பிளக்கில் சொருகினால் காலையில் எடுத்துவிடலாம், சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு பிளக் இருந்தது. அங்கேயே சொருகினோம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வெளியே மழை, உள்ளே டாங்கி. கட்டிலிலிருந்து நடுவீடு, நடுவீட்டிலிருந்து சமையலறை வாசற்படி, அங்கே அம்மாவின் காலில் ஒரு முட்டு. "ஏனுங்க, குழம்பக் கொட்டிப்போடுவேனுங்க!" என்று அம்மா கத்துவாள். அப்பாவுக்கு அதைக் கேட்டால் பரம சந்தோஷம். பொங்கலுக்கு அவர் வலது கையால் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார். பாதி மார்பில் சிந்தியது. நாங்கள் யாரும் துடைக்கப் போகவில்லை.

தை மாசம் எனக்கு மாப்பிள்ளை முடிவானது. வைகாசியில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு இணையாகத் தாரை வார்ப்பதும் முக்கியம். மாப்பிள்ளை கையும் பெண் கையும் சேர்ந்திருக்க, பெண்ணின் அப்பா சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பெண்ணை ஒப்படைக்க வேண்டும். வலது கையால்தான் ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தயங்கித் தயங்கி, "சித்தப்பா யாராச்சும் நின்னு பண்ணிக்கலாங்களே" என்றார்கள். அப்பா எழுந்து நின்று, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்ற புள்ளைக்கு நாந்தானுங்க வாப்பேன்" என்றார். அவர் அன்றைக்கு நின்ற நிற்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

மாசியில் டாங்கி வலது பக்கம் சாயத் தொடங்கியது. முதலில் லேசாக. நடுவீட்டு நடுவில் போக வேண்டியது சுவரோரம் போனது. பிறகு கட்டிலைத் தாண்டியதுமே திரும்பியது. பிறகு பழையபடி வட்டம். ஒருநாள் அப்பா ரிமோட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். காபி டம்ளரை இடது கையால் வாங்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்திருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குழறல் கேட்டது.

"தம்பி, தாரை நீயே வாத்துப்போடு. என்ற கை மறுக்காவும் போயிட்டிருக்குது."

எனக்குப் பகீரென்றது. வாதம் மறுபடியும் வரலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். உள்ளே போய், "பேட்டரி இறங்கியிருக்கும்ப்பா, உங்க கைக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். அது எனக்கே நிச்சயமில்லை.

"என்ற கைய எனக்குத் தெரியாதா கண்ணு? நீ நல்லாயிருந்தாப் போதும்" என்றார்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். நேராக அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாலும் சரி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் சரி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவாள். இடி விழுந்துவிடும், வயர் பற்றிக்கொள்ளும் என்று பயம்.

"மெயினை அணைச்சுட்டுத்தானே போறே? எத்தனை தடவை சொன்னேன்? சார்ஜ் எப்படி ஏறும்? உன்னாலதான் அப்பா கை இப்படி ஆச்சு!"

இந்த வார்த்தையை நான் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"பீரங்கி வந்ததிலிருந்து நா அதத் தொடறதே இல்ல அம்மிணி," என்றாள் அம்மா. பிறகு, "பொழுது சாஞ்சா லைட்டே மஞ்சப்பூத்தாப்புல எரியுது. அதுல எங்கிருந்து சார்ஜ் ஏறும்?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. அடாப்டர்ல சிவப்பு விளக்கு எரியுது பாரு, கரண்ட் இருக்குதுன்னு அர்த்தம்" என்றேன். பிறகு ஒரு தாளில் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி மெயின் சுவிட்சில் ஒட்டினேன். அம்மா அதைப் படித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

அடுத்த நாள் முதல் நான் என் படிப்பைக் காட்ட ஆரம்பித்தேன். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். ரிமோட்டுக்கு உள்ளே இருக்கும் சின்னப் பேட்டரியைப் புதிதாக மாற்றினேன். அந்த வகைப் பேட்டரியைப் பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் போட்டால் சோம்பேறி ஆகிவிடும் என்று படித்திருந்தேன். அதனால் ஒரு சின்ன பல்பை மாட்டி, அது அணையும்வரை எரியவிட்டு, பிறகு சார்ஜில் போட்டேன். எதற்கும் அசையவில்லை சனியன். காலையில் அப்பாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்து ஓட்டச் சொன்னால் பழையபடி வட்டம்தான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

கடைசியில் பேட்டரி, அடாப்டர், டாங்கி எல்லாவற்றையும் டிபன் பையில் போட்டுக் கம்பெனிக்கே தூக்கிப்போனேன். பஸ்ஸில் பீரங்கிக் குழாய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர், "ஏனுங்கம்மிணி, எந்த ஊருச் சண்டைக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை என் டேபிளில் சார்ஜ் போட்டேன். வேலை முடிந்ததும் தரையில் விட்டு இரண்டு குச்சியையும் தள்ளினேன். சும்மா சொல்லக் கூடாது, நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, பேக்கிங் செய்கிற பெண்களின் பெஞ்சில் போய் முட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். தீரும்வரை அவர்கள் ஆளுக்கொருமுறை ஓட்டினார்கள்.

ஆக, பேட்டரி நல்லது. அடாப்டர் நல்லது. மோட்டார் நல்லது. அப்படியானால் அப்பாவின் கைதானா? பஸ்ஸில் காரமடை வரும்வரை இதே நினைப்பு.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல அப்பாவின் தலைமாட்டில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விடிந்ததும், அப்பா வெளியே பல் விளக்கப் போயிருந்த நேரம், ரிமோட்டை நானே எடுத்தேன். என் இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு குச்சியையும் கடைசிவரை தள்ளினேன்.

டாங்கி வலது பக்கமாக வட்டமடித்தது.

நன்றாக இருக்கிற என் இரண்டு கைக்குமே வட்டம்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன கோளாறு என்று புரியவே இல்லை, ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. அப்பாவின் கையில் கோளாறு இல்லை. அந்த டாங்கியில் வலது பட்டை கொஞ்சம் இறுக்கம். பேட்டரியில் தெம்பு குறைந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் நிற்கும். அப்பாவின் பலவீனமும் வலது பக்கம், டாங்கியின் பலவீனமும் வலது பக்கம். பாவம் மனுஷன், அதைப் பார்த்துத் தன் கை என்று நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கம்பெனி மீட்டரைக் கடன் வாங்கிவந்து அந்தப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். இருநூற்றிருபது இருக்க வேண்டிய இடத்தில் நூற்று நாற்பது காட்டியது. மீட்டர் பழுது என்று தட்டிப் பார்த்தேன். வெளியே எங்கள் கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார், அதற்கடுத்த தோட்டத்து மோட்டார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மழை மாசங்களில் யாருக்கும் தண்ணி இறைக்கும் வேலை இல்லை, கரண்ட் முழுசாக வந்தது. மாசியில் வெயில் காயத் தொடங்கி, அந்த லைனில் இருக்கும் எல்லாக் கிணற்று மோட்டாரும் ராப்பூராவும் ஓட ஆரம்பித்தது, வீட்டுக்கு மிச்சம்தான் வந்தது. அந்த மிச்சக் கரண்ட் சிவப்பு விளக்கை எரிக்கப் போதும், பேட்டரிக்குள் ஏறப் போதாது. விளக்கு எரிந்ததை நம்பினேன், நான்! பத்தடி தள்ளி நடுவீட்டில் டிவிக்கு அடியில், நானே டெஸ்ட் செய்து கொண்டுவந்த ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மாட்டுச்சாளைக்குப் போனேன். அம்மா பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ சொன்னதுதான் சரி."

"என்ன சொன்னேன்?"

"லைட் மஞ்சளா எரியுதுன்னு."

"அதுவா. நா என்னத்தக் கண்டேன், கண்ணுல பட்டதச் சொன்னேன்" என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நான் அப்படி வளர்ந்தவள் இல்லை. மெயின் சுவிட்சில் ஒட்டிய தாளைக் கிழித்துவந்து அவள் முன்னால் கசக்கினேன்.

"அதை ஏன் கிழிச்சே? எழுத்து முத்து முத்தா இருந்துது" என்றாள் அம்மா. மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதேன்.

சார்ஜ் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். தெம்பில்லாத அதே பேட்டரியோடு டாங்கியை அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"அப்பா, என்ற ரெண்டு கையும் நல்லாத்தானுங்களே இருக்குது? சித்தெ இப்படிப் பாருங்க."

இரண்டு குச்சியையும் தள்ளினேன். டாங்கி முக்கி முனகி வலது பக்கம் சுற்றியது. அப்பா மெதுவாகத் திரும்பினார்.

"மறுக்கா உடு."

மறுபடியும் வட்டம்.

"உனக்குமா சுத்துது?"

"எனக்குந்தானுங்கப்பா சுத்துது. உங்க கைக்கு ஒண்ணுமில்லைங்க. நம்ம ஊட்டுக் கரண்டுக்குத்தான் சீக்கு."

அப்பா தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கட்டைவிரலை மடக்கினார், நீட்டினார். கண்ணில் தண்ணி கோர்த்துக்கொண்டது. "அடச்சே, இத்தன நாளு இதைய வஞ்சுட்டுக் கெடந்தேன்" என்றார். இதை என்றது கையை.

டிவி பிளக்கைப் பிடுங்கியது அம்மாதான். அன்றைக்கு டிவியில் படம் போடும் நாள், வாரம் பூராவும் அதற்காகக் காத்திருப்பாள். "படம் எங்கீங்க போவுது" என்று சொல்லிவிட்டு, ஸ்டெபிலைசரில் அடாப்டரைத் தானே சொருகினாள். சொருகியதும், சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். அன்றிலிருந்து கல்யாணம்வரை எங்கள் வீட்டில் சாயங்காலத்துக்குமேல் டிவி ஓடவில்லை.

மறுநாள் காலையிலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்று வாரம் சும்மா கிடந்த விரல் பழையபடி மரத்திருந்தது. நடுவீடுவரை போய்ச் சேர எட்டு நாள் ஆயிற்று, சமையலறை வாசற்படிக்கு இன்னொரு பத்து நாள். அம்மாவின் காலில் அது முட்டிய அன்று, அவள் கத்துவதற்குப் பதிலாக டாங்கியைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்து, தினமும் காலையில் அப்பா வாழைக்கு ஊற்றிப் பழகினார். முதலில் கால் சொம்பு, பிறகு அரைச் சொம்பு. அந்த ஒரு வாழைக்கு மட்டும் ஏகப்பட்ட தண்ணி. முழுச் சொம்பை அவர் ஒருநாளும் ஊற்றி நான் பார்க்கவில்லை.

வைகாசியில் மண்டபம் நிறைய ஜனம். சடங்கு நடத்தும் அருமைக்காரர், விவரம் தெரியாமல், சொம்பை விளிம்புவரை நிரப்பி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். என் கை மாப்பிள்ளையின் கைக்குமேல் இருந்தது. அப்பா தடியை விட்டுவிட்டு வலது கையால் சொம்பைப் பிடித்தார். கட்டைவிரல் விளிம்பில், ரிமோட் குச்சியில் வைப்பது போலவே. சாய்க்கப் பார்த்தார். சொம்பு சாயாமல் அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் வரவில்லை. மேளக்காரர் அப்பாவைப் பார்த்தார், அருமைக்காரர் சித்தப்பாவைப் பார்த்தார். பக்கத்தில் தயாராக நின்ற சித்தப்பா மெல்லக் கையை நீட்டினார்.

சபையில் அம்மா வாய் திறந்து நான் கண்டதில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"கைய எடுங்க கொழுந்தனாரே. சார்ஜ் இருக்குதுங்க."

சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார். அப்பாவின் கட்டைவிரல் ஒருமுறை அழுந்தியது. தண்ணீர் நேராக என் கைமேல் விழுந்தது. ஜில்லென்று இருந்தது. மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "என்ன சார்ஜுங்க?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். "போதுங்க, போதுங்க" என்றார் அருமைக்காரர். அப்பா நிறுத்தவில்லை. சொம்பு காலியாகும்வரை ஊற்றினார்.